ஒரு மில்லிமீட்டர் ஆயுள்

பழைய புல்லட்டின் இஞ்சின் எத்தனை காலம் ஓடும்? அதில் தேய்வது எது, நிலைப்பது எது?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்துக் காப்பாற்றி வருகிறவரிடம் ஊரார் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது, "இது இன்னும் எத்தனை நாள் ஓடும்?" என்பதுதான். என் தகப்பனார் 1974-ஆம் வருஷத்தில் வாங்கி, முப்பது வருஷத்துக்கு மேலாக ஓட்டி, பிறகு என் கையில் ஒப்படைத்துச் சென்ற என்ஃபீல்டு புல்லட்டை நான் எங்கே நிறுத்தினாலும், பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் இளைஞர் முதல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வரையில் யாராவது ஒருவர் அருகில் வந்து, தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தொடுவது போல அதன் டாங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

நெடுநாள் வரையில் எனக்கு இதற்கு விடை தெரியாது. கிலோமீட்டரில் சொல்லலாமென்றால், ஐந்து இலக்கங்களை மட்டுமே காட்ட வல்ல அதன் மீட்டர் 99,999-ஐத் தாண்டிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டதோடு, நடுவில் கேபிள் அறுந்து சில மாதங்கள் ஓடாமலும் இருந்தபடியால், சாட்சியாக ஏற்கத் தகுந்ததாக இல்லை. வருஷத்தில் சொல்லலாமென்றால், அதே வருஷத்தில் அதே தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட வண்டிகளில் பல, இருபது வருஷத்துக்குள்ளாகவே காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்ததை நானே கண்டிருக்கிறேன். சரியான அளவுகோலை எனக்குக் கற்பித்தவர், திருச்சி பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும், எல்லோரும் 'பாய்' என்றே அழைக்கும் முதிய மெக்கானிக். இஞ்சினின் ஆயுளை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அவ்வாறு அளந்தால், என் வண்டி பிறந்தபோது அதற்கு விதிக்கப்பட்டிருந்த முழு ஆயுள் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டர் இரும்பை யார் எப்படிச் செலவு செய்தார்கள் என்பதே அதன் வாழ்க்கை வரலாறு.

திருவொற்றியூர் வார்ப்பு

இந்த இஞ்சினின் பூர்வோத்தரத்தைச் சற்றே தெரிந்துகொண்டால்தான் அதன் தேய்மானத்தின் இயல்பு விளங்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வருஷங்களுக்குள் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் உருவான 350 சிசி புல்லட்டை, கரடுமுரடான எல்லைப் பாதைகளுக்கு ஏற்ற வாகனம் என்று நம் ராணுவம் தேர்ந்துகொண்டதன் பயனாக, 1955-இல் ரெட்டிச் கம்பெனியார் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு சேர, என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்டு, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்குவதோடு நின்றிருந்த அத்தொழிற்சாலை, சில வருஷங்களுக்குள் பாகங்களையெல்லாம் இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. பிறந்த மண்ணில் வம்சம் அற்றுப்போன பிறகும் புகுந்த மண்ணில் அது தழைத்து, கம்பெனி 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறிய பின்னரும், 2010 வாக்கில் புதுவகை இஞ்சின் அதன் இடத்தைப் பிடிக்கும் வரையில், அடிப்படை அமைப்பில் பெரிய மாறுதல் எதுவுமின்றி வார்ப்பிரும்புச் சிலிண்டரோடு தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சிசி. இவ்வளவு பெரிய இஞ்சினிடமிருந்து எதிர்பார்க்கப்பட்ட சக்தியோ ஏறத்தாழ 18 குதிரைத் திறன் மட்டுமே. எண்பதுகளில் வந்து இளைஞர்களின் மனத்தைக் கொள்ளைகொண்ட யமஹா ஆர்எக்ஸ் 100, வெறும் 98 சிசி கொள்ளளவில், நிமிஷத்துக்கு 7,500 சுற்றுகள் வரை சுழன்று 11 குதிரைத் திறன் கொடுத்தது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், புல்லட்டின் ஒவ்வொரு சிசியும் அதில் பாதிக்கும் குறைவான உழைப்பையே தருகிறது என்பது புலப்படும். நிதானமாக மூச்சுவிட்டு நடக்கிறவனுக்கு நெடுந்தூரம் நடக்க முடிகிறது. பழைய இஞ்சின்கள் நீண்ட நாள் உழைத்ததற்குக் காரணம், அக்காலத்து உலோகம் தெய்விகமானது என்பதன்று. அவற்றிடம் வாங்கப்பட்ட வேலை, அவற்றின் சரீர பலத்தை நோக்கக் குறைவாக இருந்தது என்பதே.

சிலிண்டருக்குள் ஒரு பூப்பிரதட்சிணம்

ஆயினும் அந்தக் குறைந்த வேலையும் எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது பிரமிப்பு உண்டாகிறது. டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் புல்லட்டின் இஞ்சின், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,700 தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கி, 180 மில்லிமீட்டர் பிரயாணம் செய்கிறது. ஆகவே வண்டி சாலையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள், பிஸ்டன் தன் இருட்டறைக்குள்ளேயே ஏறத்தாழ அரை கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது, ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிய அந்தப் பாதையிலேயே ஏறி இறங்கி, பிஸ்டன் 48,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்தான். பூமியை ஒரு முறை வலம் வந்து, அதற்கு மேலும் எண்ணாயிரம் கிலோமீட்டர் போன அந்தப் பிரயாணத்தில், பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட வெடிப்புகளைத் தலையில் தாங்கிய பிறகும், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட சிலிண்டரின் சுவர் இழந்திருப்பது ஒரு தலைமயிரின் பருமனையோ, அதைப் போல் இரண்டொரு மடங்கையோதான்.

இது எவ்வாறு சாத்தியமாகிறது? பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதே அதன் சூட்சுமம். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. வேகமாக ஓடும் ரிங், நீரின்மேல் வழுக்கிச் செல்லும் ஓட்டாஞ்சில்லைப் போல, அந்தப் படலத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. இதற்கு வார்ப்பிரும்பின் பிறவிக் குணமும் துணை செய்கிறது. அந்த இரும்புக்குள் கரித்துகள்கள் மெல்லிய இதழ்களாக விரவிக் கிடக்கின்றன. பென்சிலின் கூர் எதனாலானதோ அதே பொருள்தான் அவையும். அவை தாமே வழுவழுப்பாக இருப்பதோடு, நுண்ணிய குழிகளில் எண்ணெயைத் தேக்கி வைத்திருந்து, தக்க சமயத்தில் வழங்கவும் செய்கின்றன. சிலிண்டரைக் கடைந்த பிறகு ஹோனிங் செய்யும்போது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே உண்டாக்குவதும், எண்ணெய்க்கு அவ்விதம் இருப்பிடம் அமைத்துக் கொடுப்பதற்காகவே.

எங்கே தேய்கிறது?

அந்தப் படலம் அறுபடுகிற இடத்திலேதான் தேய்மானம் தொடங்குகிறது. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அது ஓட்டமற்று நிற்கிறது. ஓட்டம் நின்றால் வழுக்கும் சக்தியும் இல்லை. அதே கணத்தில்தான் மேலே வெடிப்பின் அழுத்தமும் உஷ்ணமும் உச்சத்தில் இருந்து, ரிங்கைச் சுவரோடு அழுத்தி, இருக்கும் எண்ணெயையும் எரிக்கின்றன. ஆகையால் சிலிண்டர் எந்நாளும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில் அதிகமாகவும், கீழே வரவரக் குறைவாகவும் தேய்ந்து, நாளடைவில் மேலே அகன்று கீழே குறுகியதாகிவிடுகிறது. ரிங் எட்டாத உச்சிப்பகுதி மட்டும் தேயாமல் நின்று, ஒரு சிறு வரம்பாக மீந்துவிடுகிறது. கழற்றிய சிலிண்டருக்குள் விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்தால், நகம் அந்த வரம்பில் தட்டுப்படும். அது எவ்வளவு ஆழமாகத் தட்டுப்படுகிறதோ அவ்வளவு இரும்பு செலவாகியிருக்கிறது என்று பொருள்.

தேய்மானத்தை இன்னும் நுட்பமாகக் காட்டிக்கொடுப்பது ரிங்கின் வாய். ரிங் முழு வளையமன்று. ஓரிடத்தில் வெட்டுவாய் உடையது. புதிதாக இருக்கும்போது, சிலிண்டருக்குள் பொருத்திய நிலையில் அந்த வாயின் இடைவெளி கால் மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இருக்கும். வட்டத்தின் விட்டம் ஒரு பங்கு கூடினால் அதன் சுற்றளவு மூன்று பங்குக்கு மேல் கூடும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அதன்படி, சிலிண்டர் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் ரிங்கின் வாய் பத்தில் மூன்று பங்குக்கு மேல் திறந்துகொள்கிறது. கையால் அளக்க முடியாத நுண்மையான தேய்வை மூன்று மடங்காக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியாக இவ்விதம் ரிங் பயன்படுகிறது. நாலைந்து தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்று கையில் இருந்தால், எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

தேய்ந்த சிலிண்டருக்குப் பரிகாரம், அதைச் சீரான வட்டமாகச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனைப் போடுவது. பட்டறை மொழியில் இதற்கு 'ஒரு சைஸ் ஏற்றுவது' என்று பெயர். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர், முக்கால், ஒன்று என்று நான்கு படிகள். எழுபதில் பிறந்த சிலிண்டர் எழுபத்தொன்றை அடைந்ததும் படிகள் தீர்ந்துபோகின்றன. நான் மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் ஆயுள் இதுவே.

மற்ற அவயவங்கள்

சிலிண்டர் மாத்திரமே இஞ்சினாகிவிடாது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில், கனெக்டிங் ராடின் அடிமுனை பொருந்தும் இடத்தைப் 'பிக் எண்டு' என்பார்கள். பழைய புல்லட்டில் அங்கே உருளைகளுக்குப் பதிலாக, ராடுக்கும் பின்னுக்கும் நடுவில் தானும் மிதந்து சுழலும் புஷ் ஒன்று இருந்தது. சுத்தமான எண்ணெய் இடைவிடாமல் கிடைக்கும் வரையில் அது ராஜபோகமாக உழைக்கும். எண்ணெய் தடைப்பட்டால் வெகு விரைவில் நாசமாகிவிடும். பின்னாளில் பலர் அதை எடுத்துவிட்டு உருளை பேரிங் போட்டுக்கொண்டார்கள். இதைப் பழுதுபார்க்க வேண்டுமானால், இஞ்சினை முழுவதும் இறக்கி, கிராங்கின் இரண்டு கனமான சக்கரங்களையும் பிரித்து, பின்னை மாற்றி, மறுபடி இணைத்து, டயல் கேஜ் வைத்து இரண்டும் ஒரே நேரில் சுழல்கின்றனவா என்று பொறுமையாகத் தட்டித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். சிலிண்டர் வேலை ஒரு நாள் வேலையென்றால், கிராங்க் வேலை ஒரு தவம்.

தலைப்பகுதியில் தேய்வன வால்வுகளும் அவை ஏறி இறங்கும் கைடுகளும். பற்றவைக்கும் பகுதியில் தேய்வது பாயிண்ட். அதன் வாய் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை திறக்க வேண்டும். அதைத் திறக்கும் சிறு நார்க்கட்டை தேயத் தேய வாய் குறுகி, பொறி தாமதமாக விழுந்து, இஞ்சின் அநாவசியமாகச் சூடேறுகிறது. பத்து நிமிஷத்தில் சரிசெய்யக்கூடிய இந்தச் சிறு குறையைக் கவனியாமல் விட்டு, அந்தச் சூட்டினால் சிலிண்டரை இழந்தவர்கள் உண்டு. இரண்டு ஸ்டிரோக் வண்டிகளான ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் முதலியவற்றின் கதை சற்றே வேறு. அவற்றில் வால்வும் கேமும் இல்லாததால் தேயும் பாகங்கள் குறைவு. ஆனால் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய் ஒன்றையே பிஸ்டனும் கிராங்க் பேரிங்கும் நம்பியிருப்பதாலும், சிலிண்டர்ச் சுவரில் வெட்டப்பட்ட ஜன்னல்களைத் தாண்டி ரிங் ஓட வேண்டியிருப்பதாலும், அவை சீக்கிரமாகச் சைஸ் கேட்கும்.

எந்த அவயவம் களைத்திருக்கிறது என்பதைப் புகையும் சத்தமுமே நமக்குச் சொல்லிவிடுகின்றன. நீலப் புகை எண்ணெய் எரிவதன் அறிகுறி. அது ஆக்ஸிலேட்டரைத் திருகி ஏறும்போது வந்தால் ரிங்கையும், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு வரும்போது வந்தால் வால்வு கைடையும் சந்தேகிக்க வேண்டும். கறுப்புப் புகை கார்புரேட்டரின் தோஷம். அதற்காக இஞ்சினை இறக்குவது பாவம். குளிர்ந்திருக்கும்போது 'டக டக' என்று கேட்டுச் சூடேறியதும் மறைவது பிஸ்டனின் சத்தம். பாரம் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து கனத்துக் கேட்பது பிக் எண்டின் முனகல். பழைய புல்லட்டுக்கே உரிய மற்றொரு விசேஷமும் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பின் வழியாகக் கசிந்து கிராங்கின் அடியில் தேங்கிவிடும். அப்போது ஸ்டார்ட் செய்தால் தெருவே மறையும்படி புகை கக்கி, சில நிமிஷங்களில் தானாகவே தெளிந்துவிடும். இதை அறியாதவர்கள் இஞ்சின் போய்விட்டதென்று எண்ணி வண்டியை விலைபேசிவிடுகிறார்கள்.

மூன்று சத்துருக்கள்

இரும்பைத் தின்னும் சத்துருக்கள் மூன்று: தூசி, குளிர்ந்த புறப்பாடு, பழைய எண்ணெய். மூன்றிலும் கொடியது தூசி. தெருப் புழுதியின் பெரும்பகுதி மணல். மணலின் கூறான சிலிகா, சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. கிழிந்த காற்று வடிகட்டியின் வழியே உள்ளே புகுந்த புழுதி எண்ணெயோடு கலந்தால், அந்த எண்ணெயே உப்புத்தாளின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. எண்ணெய்ப் படலம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதைவிடப் பருத்த மணல் துகளைத் தடுக்க அதனால் ஆகாது.

இரண்டாவது, இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எழுப்பும் விதம். சுவரிலிருந்த எண்ணெய் வடிந்து போயிருக்கும் அந்த வேளையில், உதைத்த மாத்திரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கி உறுமவிடுவது, பட்டினி கிடந்தவனை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். என் தகப்பனார் சாவியைப் போடுவதற்கு முன், டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை கிக்கரை மெதுவாக மிதிப்பார். பிறகு சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து நிறுத்தி, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வார். அதன்பின் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் வரையில் வண்டி தன்பாட்டில் நிதானமாகத் துடித்துக்கொண்டிருக்கும். சிறு வயதில் அதை ஒரு சடங்கு என்று நினைத்திருந்தேன். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சேர அவர் கொடுத்த அவகாசம் அது என்பது பிற்காலத்தில்தான் புரிந்தது.

மூன்றாவது, எண்ணெய் மாற்றாமை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அதன் பெரும்பகுதி சைலன்ஸர் வழியே வெளியேறினாலும், சிறு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய இஞ்சினிலிருந்து அந்த ஈரம் ஆவியாகப் போய்விடும். பால் வாங்கவும் பேரனைப் பள்ளியில் விடவும் மட்டுமே எடுக்கப்படும் வண்டியிலோ, அது எண்ணெயோடு கலந்து, காப்பி நிறத்துக் குழம்பாகி, அமிலமாக மாறி உலோகத்தை அரிக்கிறது. ஆகவே கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் காலக்கிரமப்படி எண்ணெய் மாற்றுவது அவசியம். 'அதிகம் எடுப்பதில்லை, அப்படியே புதிதாக இருக்கிறது' என்று சொல்லி விற்கப்படும் பழைய வண்டிகளை வாங்குகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நிற்பதனால் கெடும் இஞ்சின்கள், ஓடுவதனால் தேயும் இஞ்சின்களுக்குக் குறைந்தவையல்ல. இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் வரையில் எத்தனால் கலக்கப்படுவதால், நின்றுபோன வண்டிகளுக்கு மற்றொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் இளக்கவல்லது. அந்த ரப்பர்களை இக்காலத்து ரகமாக மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் நிறுத்துவதாயிருந்தால் கார்புரேட்டரை வடித்து வைப்பது விவேகம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் தகப்பனார் வண்டிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய தேதி, டாப்பெட் சரிபார்த்த தேதி, செயின் இறுக்கிய தேதி என்று நீல மையில் வரிசையாகக் குறித்திருப்பார். அதன்படி, 1974-இல் வாங்கிய வண்டிக்கு முதல் சைஸ் ஏற்றியது 1988-இல். பதினான்கு வருஷத்துக்குக் கால் மில்லிமீட்டர். அந்தக் கணக்கு அப்படியே நடந்திருந்தால், ஒரு மில்லிமீட்டர் அரை நூற்றாண்டையும் தாண்டி வந்திருக்கும்.

அவ்வாறு நடவாமற்போனதற்கு நானே காரணம். 1997-ஆம் வருஷத்துக் கோடையில், புதிதாகச் சாலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வழியில், உத்தியோக நிமித்தமாகத் தினந்தோறும் நான் புல்லட்டில் போய்வந்தேன். செம்மண் புழுதி கண்ணை மறைக்கும்; வீடு திரும்பினால் சட்டையின் நிறமே மாறியிருக்கும். காற்று வடிகட்டி கிழிந்திருந்ததை நான் திறந்து பார்க்கவே இல்லை. நான்கு மாதத்தில் வண்டி நீலப்புகை விடத் தொடங்கியது. அவசரத்தில், பரிச்சயமில்லாத ஒரு லேத் பட்டறையில் கொடுத்து அரை மில்லிமீட்டர் சைஸுக்குப் போர் செய்துகொண்டேன். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிவது, இரும்புச் சிலிண்டர் விரிவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு வேண்டிய இடைவெளியை விட்டுக் கடைவதுதான் அந்தத் தொழிலின் முழு வித்தையும். அங்கே கடைந்தவர் பிஸ்டன் 'கச்சிதமாக' இருக்கட்டும் என்று இறுக்கமாகக் கடைந்துவிட்டார். இரண்டாவது வாரத்தில், விராலிமலைக்கு அப்பால் நல்ல வெயிலில், வண்டி ஒரு கேவல் கேவிப் பின்சக்கரம் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது சிலிண்டரில் விரலுக்குத் தட்டுப்படும்படி கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு மறைய வேண்டுமென்றால் முக்கால் மில்லிமீட்டருக்குப் போயாக வேண்டும். தகப்பனார் பதினான்கு வருஷம் செலவிட்ட அளவு இரும்பை நான் நான்கு மாதத்தில் கரைத்தேன். அதே அளவு மற்றொன்று பதினைந்தே நாளில் போயிற்று.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அன்றைய தேதியிட்டு, "காற்று வடிகட்டி கிழிந்திருந்தது. மாற்றியது" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். அவர் காலமான பிறகுதான் நான் அந்த வரியைக் கண்டேன். அதற்குப் பிறகு இன்று வரையில் நான் வடிகட்டியைத் திறந்து பாராமல் ஒரு மாதத்தைக் கழித்ததில்லை.

கடைசிக் கால் மில்லிமீட்டர்

சென்ற மாதம் மறுபடியும் லேசாக நீலப்புகை தெரிந்தது. ஏறும்போது வருகிற புகை. ரிங் வேலை என்பது நிச்சயமாகத் தெரிந்ததால், கடைசிச் சைஸையும் ஏற்றிவிடுவது, இனி என் காலத்துக்கு அது போதும் என்ற தீர்மானத்தோடு பாயின் பட்டறைக்குப் போனேன். கைக்கு அடக்கமான பெட்டியில் புதுப் பிஸ்டனையும் வாங்கிக்கொண்டே போயிருந்தேன்.

பாய் பெட்டியைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. சிலிண்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டித்துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். சுவர் கண்ணாடிபோல் மினுங்கியது. பிறகு போர் கேஜை உள்ளே இறக்கி, மேலே ஓரிடம், நடுவில் ஓரிடம், அடியில் ஓரிடம், பின்பு அதே மூன்று இடங்களிலும் குறுக்குவாட்டில் என்று ஆறு இடங்களில் அளந்து, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் வரையில் பொறுத்திருந்து, எண்களைச் சாக்பீஸால் தரையில் எழுதினார். மிக அதிகமாகத் தேய்ந்திருந்த இடத்திலும் அது 0.08 மில்லிமீட்டரே. புது ரிங் ஒன்றை உள்ளே வைத்து வாயை அளந்தார். அரை மில்லிமீட்டரை ஒட்டி நின்றது. பழைய ரிங்கை அதே இடத்தில் வைத்தபோது ஒரு மில்லிமீட்டரை நெருங்கியது.

"தேஞ்சது ரிங்குதான் தம்பி. போர் இன்னும் நிக்குது. பளபளன்னு ஆயிட்டதால எண்ணெய் பிடிக்கல, லேசா ஹோனிங் போட்டு ரிங்க மாத்தினா போதும்" என்றார்.

எப்படியும் பிரித்தாயிற்று, புதுப் பிஸ்டனும் கையில் இருக்கிறது, கடைந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். கடைசிப் படி முடிந்தாலும் புது லைனர் இறக்கி மறுபடி எழுபதிலிருந்து தொடங்கலாம், புதுச் சிலிண்டரே கடையில் கிடைக்கிறது என்பதையும் நினைவூட்டினேன்.

"கெடைக்கும், இல்லேங்கல. ஆனா இது அம்பது வருஷம் சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் பழுத்த இரும்பு. இனிமே கோணாது. புதுசு எப்படிக் கோணும்னு யாருக்குத் தெரியும்? வெட்டின இரும்பு திரும்ப ஒட்டாது தம்பி. உங்க அத்தா மிச்சம் வச்சாரு, நீங்க ஓட்டினீங்க. நீங்களும் வைங்க."

அவர் சொன்னதில் வெறும் பற்றுதல் மட்டுமின்றி உலோக சாஸ்திரமும் இருக்கிறது. வார்த்த இரும்புக்குள் ஆறும்போதே சில இழுவிசைகள் தங்கிவிடுகின்றன. அவை தணிவதற்காக, முற்காலத்து வார்ப்படப் பட்டறைகளில், வார்த்தவற்றை உடனே கடையாமல் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. எங்கள் சிலிண்டர் அந்தப் பக்குவத்தைச் சாலையிலேயே பெற்றிருக்கிறது.

நான் பிஸ்டன் பெட்டியை மூடினேன். அன்று சாயங்காலமே ஹோனிங் முடிந்து, குறுக்குக் கீறல்கள் புதிதாகத் துலங்கும் சுவரில் எண்ணெய் தடவி, பாய் தம் கையாலேயே புது ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கொன்று எதிர்ப்படாமல் திருப்பி வைத்துச் சிலிண்டரை இறக்கினார். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு முறுக்காமல் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தகப்பனாரின் நோட்டை எடுத்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே நெடுநாளாக நான் எழுதி வரும் வரிசையில், "ரிங் மாற்றியது. ஹோனிங் மட்டும். கால் மில்லிமீட்டர் இருப்பு" என்று எழுதினேன்.

பிஸ்டன் பெட்டியை அந்த நோட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். என் மகன் வண்டியைக் கேட்கும் நாளில் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.